லோடு மாட்டாமல் ஆன் பண்ணாதே

9 டிசம்பர் 2024, திங்கள்

காலையில் ஒரு தம்பி மார்ஷல் ஹெட் ஒன்றைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தான். ஜேசிஎம் 800 வரிசையில் 50 வாட் மாடல், 2204. அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறான். கரோல் ஒத்திகைக்காக கேபினட்டை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பாட்டு நடுவில் சத்தம் மெலிந்துபோய், பிறகு படபடவென்று பொரிந்து, கருகல் வாடையோடு நின்றுவிட்டது.

"யார் மாட்டினது?" என்று கேட்டேன்.

"வாடகைக்காரங்க ஆளுதாண்ணா. பின்னாடி ஓம் செலக்டரை 4-ல வச்சாரு. கேபினட்ல நம்ம ஒயர் சொருகின இடத்துல 16-னு போட்டிருந்துச்சு. கேட்டேன். ஸ்பீக்கர் ஓம் கூட இருந்தா ஆம்புக்கு லோடு கம்மிதான், ஒண்ணும் ஆகாதுன்னாரு."

இந்தப் பேச்சை நான் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு இது சரியான பேச்சு. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இதுதான் எமன். அந்த ஆள் தெரியாத்தனமாகப் பேசவில்லை. தினமும் தன் கையில் புழங்கும் கருவிக்கு உரிய விதியை வேறு சாதிக் கருவிக்கும் பொருந்தும் என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது இந்தப் பையனின் ஆம்ப்.

மதியம் பெட்டியைத் திறந்தேன். ஹெச்.டி. பியூஸ் போயிருந்தது. இரண்டு இஎல்34 வால்வில் ஒன்றின் ஸ்கிரீன் ரெசிஸ்டர், 1000 ஓம், கரிந்து விரிசல் விட்டிருந்தது. வால்வைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பின் பிளேட். 450 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் இடம். பக்கத்திலேயே இரண்டாவது பின், ஹீட்டர். இரண்டுக்கும் நடுவில் பேக்கலைட் மேல் கறுப்பாக, பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. மின்சாரம் தாவிய தடம் அது. ஒருமுறை தாவிவிட்டால் அந்த இடம் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை தாவ அவ்வளவு வோல்ட் கூடத் தேவைப்படாது. சாக்கெட்டை மாற்றுவது தவிர வேறு வைத்தியம் கிடையாது.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிழைத்ததா என்பதுதான் இப்போது கேள்வி. இந்த ஆம்பில் அதற்குத்தான் விலை அதிகம்.

10 டிசம்பர், செவ்வாய்

டிரான்ஸ்பார்மரைச் சோதிக்க நான் செய்வது எளிய வேலைதான். ஆம்பின் மின்இணைப்பைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களைக் காலி செய்து, வால்வுகளை எடுத்துவிட்டு, வேறொரு சின்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து 6.3 வோல்ட் ஏசியை எடுத்து, ஸ்பீக்கர் பக்கம் 16 ஓம் முனையில் கொடுப்பேன். மறுபக்கம் இரண்டு பிளேட் ஒயர்களுக்கு இடையே என்ன வருகிறது என்று மீட்டரில் பார்ப்பேன். இன்று 91 சொச்சம் வந்தது. உள்ளே ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தாலும் இந்த எண் இப்படி நிற்காது. கொடுத்த வோல்ட்டேஜே படுத்துவிடும். மெகர் வைத்து இன்சுலேஷனையும் பார்த்தேன். பிழைத்துக்கொண்டது.

இந்த 91-ஐ வைத்தே இம்பிடன்ஸ் கணக்கு முழுவதையும் சொல்லிவிடலாம். சாயங்காலம் தம்பி வந்தபோது அவனுக்குச் சொன்னேன். 91-ஐ 6.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பதினாலரை. முதன்மைச் சுற்றில் பதினாலரைச் சுற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சுற்று. இம்பிடன்ஸ் இந்த விகிதத்தின் வர்க்கமாக மாறும். பதினாலரையின் வர்க்கம் 210 சொச்சம். அதை 16-ஆல் பெருக்கினால் சுமார் 3400. இந்த இரண்டு இஎல்34-ம் எதிரில் எதிர்பார்த்து நிற்பது இந்த 3400 ஓமைத்தான். ஸ்பீக்கரை வால்வு நேரடியாகப் பார்ப்பதே இல்லை. டிரான்ஸ்பார்மர் பெருக்கிக் காட்டுவதைத்தான் பார்க்கிறது.

பின்னால் இருக்கும் 4, 8, 16 செலக்டர் செய்வதும் இதைத்தான். எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் வால்வுக்கு அதே 3400 தெரியும்படி சுற்றை மாற்றிக் கொடுக்கிறது. 4-ல் வைத்தால் 850 மடங்கு பெருக்கும். அங்கே 4 ஓம் கேபினட் இருந்தால் 3400. இவர்கள் மாட்டியது 16. அப்படியென்றால் வால்வு பார்த்தது 13,600.

"பார்த்தா என்னண்ணா ஆகும்?" என்றான்.

கரண்ட் குறையும், வோல்ட்டேஜ் ஏறும். பிளேட் வோல்ட்டேஜ் ஒரு பக்கம் அடிமட்டம் வரை இறங்கும்போது எலக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் போகாமல் ஸ்கிரீனுக்குப் பாயும். அந்த 1000 ஓம் ரெசிஸ்டர் கரிந்தது அதனால். இன்னொரு பக்கம், டிரான்ஸ்பார்மரின் இரும்பில் காந்தமாகச் சேர்ந்த சக்தி வால்வு திடீரென்று மூடும்போது எங்காவது போயாக வேண்டும். வழக்கமாக ஸ்பீக்கர் அதை வாங்கிக்கொள்ளும். வாங்க ஆள் இல்லை, அல்லது வாங்குகிறவன் போதவில்லை என்றால் வோல்ட்டேஜ் ஆயிரங்களுக்கு ஏறி, எங்கே இடைவெளி சிறியதோ அங்கே தாவும். இந்த ஆம்பில் சாக்கெட்டில் தாவியது. டிரான்ஸ்பார்மருக்குள் காகித இன்சுலேஷனில் தாவியிருந்தால் செலவு பல மடங்கு.

ஆனாலும் 16-ஐ 4-ல் போட்டதால் மட்டும் இவ்வளவு சீக்கிரம் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தம் முதலில் மெலிந்தது என்றானே, அது உறுத்துகிறது. கேபினட்டைப் பார்க்க வேண்டும்.

12 டிசம்பர், வியாழன்

விடாத மழை. ரிச்சி தெருவுக்குப் போய் செராமிக் ஆக்டல் சாக்கெட் இரண்டு வாங்கி வருவதற்குள் நனைந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மைக் செட் அண்ணாச்சி கடையில் ஒதுங்கினேன். நாளை கார்த்திகை தீபம். கோயிலுக்குக் கட்ட வேண்டிய ஹார்ன்களை மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். இவர் தொழிலுக்கு வந்த காலத்தில் மைக் செட் என்றாலே வால்வு செட்தான். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, எங்க முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். லோடு மாட்டாம ஆன் பண்ணாதே. ஹார்னுக்குப் போற ஒயரை மாடு மிதிச்சு அத்துட்டாக்கூட ஓடிப்போயி முதல்ல ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணணும். ஒயரை அப்புறம் பார்க்கலாம்."

"இப்ப பசங்களுக்குச் சொல்றீங்களா, அண்ணாச்சி?"

"எதுக்குச் சொல்ல? இப்ப இருக்கிறது பூரா டிரான்சிஸ்டர். ஒயர் அந்தா தரையில கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்."

எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த அறிவு நம் ஊரில் இல்லாமல் இல்லை. ஒரு தலைமுறைக்குத் தேவைப்படாமல் போனதால் கைமாறாமல் நின்றுவிட்டது. இன்று கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் வால்வு ஆம்பைத் தேடி வாங்குகிறார்கள். அதை இயக்க மேடையில் நிற்கிறவர்களோ டிரான்சிஸ்டர் விதியை மட்டும் கற்றவர்கள்.

அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 4, 8, 16 ஓம், அப்புறம் 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாகத் திருகுகள். ஊர் முழுக்க ஹார்ன் கட்ட 100 வோல்ட் லைன்; ஒவ்வொரு ஹார்னுக்கும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர். அதில் ஓம் கணக்கே பார்க்க வேண்டாம், வாட்டைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

டிரான்சிஸ்டர் விதி ஏன் நேர்எதிர் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜைக் கொடுக்கப் பார்க்கும். 20 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் இரண்டரை ஆம்பியர், 50 வாட். 4 ஓமில் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓமில் 10 ஆம்பியரைக் கேட்பார்கள், டிரான்சிஸ்டர் செத்துப்போகும். 16 ஓமில் ஒன்றேகால் ஆம்பியர்தான், குளிர்ச்சியாக ஓடும். ஒயரே இல்லை என்றால் கரண்டே இல்லை. அதனால் அங்கே குறைந்த ஓம்தான் எதிரி. வால்வில் ஆக மோசமான எதிரி, ஒன்றுமே மாட்டாமல் விடுவது.

ஃபெண்டர் கம்பெனி இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. அவர்களுடைய வால்வு ஆம்ப்களில் முதன்மை ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் சொருகாவிட்டால் ஜாக் தானாகவே இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்துவிடும். டிரான்சிஸ்டர்காரருக்கு இதைக் கேட்டாலே பகீரென்றிருக்கும். வால்வுக்குத் திறந்து கிடப்பதைவிடக் கொஞ்ச நேரம் ஷார்ட்டில் கிடப்பது எவ்வளவோ மேல்.

14 டிசம்பர், சனி

கேபினட் இன்னும் சர்ச் ஹாலிலேயே இருக்கிறது என்று தெரிந்து மீட்டரோடு போனேன். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர், மூடிய முதுகு. ஒவ்வொன்றும் 16 ஓம். இரண்டிரண்டாக சீரியலில் கோத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலலில் சேர்த்தால் திரும்பவும் 16.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் லண்டன் ஹான்வெல். 1962-ல் ஜிம் மார்ஷல் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துத்தான் முதல் ஆம்பைக் கட்டினார்கள். பேஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 8 ஓம், நான்கும் பேரலலில், மொத்தம் 2 ஓம், முதுகு திறந்த பெட்டி. லண்டன்காரர்கள் 12 அங்குல செலஸ்டியன்களை மூடிய பெட்டியில் வைத்தார்கள். ஒரு ஸ்பீக்கர் 15, 20 வாட்டுக்கு மேல் தாங்காத காலம். நான்கு வைத்தால்தான் ஆம்பைத் தாங்கும். எனக்கு இந்த வம்சாவளியில் தனிப் பிரியம் உண்டு. சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றுதான். லோடும் பெட்டியும் மாறியதும் சத்தமே வேறாகிப் போனது.

கேபினட் ஜாக்கில் மீட்டரை வைத்தேன். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். எழுதியிருக்கும் ஓமைவிட அது கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும். 16 ஓம் ஸ்பீக்கர் பன்னிரண்டு, பதின்மூன்று காட்டும். இந்தப் பெட்டி 25 காட்டியது.

25 என்றால் இரண்டு ஸ்பீக்கர் சீரியலில் நிற்கிறது, மற்ற இரண்டும் சர்க்யூட்டிலேயே இல்லை. முன்னால் போய் ஒவ்வொரு கூம்பாக விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உயிரோடு இணைந்திருக்கும் ஸ்பீக்கரை அழுத்தினால் அதுவே சின்ன ஜெனரேட்டர்போல் வேலை செய்து மீட்டர் எண் துள்ளும். மேல் வரிசை துள்ளியது. கீழ் வரிசை அசையவில்லை.

முதுகுப் பலகையைக் கழற்றினேன். கீழ் வரிசையில் ஒரு ஸ்பீக்கரின் லக், ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. கோயில் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்தச் சரம் முழுவதும் அணைவதுபோல, ஒரு லக் கழன்றதில் அதன் ஜோடியும் ஊமையாகிவிட்டது. கழன்ற லக்கின் வாய் அகன்று பச்சை பூத்திருந்தது. பல காலமாக ஆடிக்கொண்டே இருந்திருக்கும். லாரியில் குலுங்கியதும் ஒத்திகை அதிர்வும் அதை முடித்துவைத்திருக்கின்றன.

சத்தம் மெலிந்த நேரம் இதுதான். அந்தக் கணத்தில் 16 ஓம் கேபினட் 32 ஓம் ஆனது. செலக்டர் 4-ல். 32-ஐ 850-ஆல் பெருக்கினால் 27,200. வால்வு கேட்டது 3400, கிடைத்தது அதைப்போல எட்டு மடங்கு. அதற்கு மேலும் தம்பி சத்தம் குறைந்துவிட்டதே என்று மாஸ்டர் வால்யூமைத் திருகி ஏற்றியிருக்கிறான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

லக்கை மாற்றி, அழுத்திக் கட்டி, ஈயம் வைத்தேன். மீட்டர் 12.6-க்கு வந்தது. கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். ஹெட்டிலிருந்து கேபினட்டுக்குப் போட்டிருந்தது கிட்டார் ஒயர். ஜாக் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. கிட்டார் ஒயரில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, சுற்றிலும் வலை. ஸ்பீக்கர் கரண்டுக்கு அது தாங்காது. சூடாகி, உள்ளுக்குள் அறுந்து, லோடே இல்லாத நிலையைக் கொண்டுவந்துவிடும். தடித்த இரட்டைக் கம்பி போட்ட ஸ்பீக்கர் ஒயர் ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

15 டிசம்பர், ஞாயிறு

பட்டறையில் ஆள் இல்லை. எனக்குப் பிடித்த வேலையைச் செய்ய நேரம் கிடைத்தது. என்னிடம் உள்ள ஒற்றை 16 ஓம் ஸ்பீக்கரை ஒரு பெட்டியில் வைத்து, ஆடியோ ஜெனரேட்டரிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாக சிக்னல் கொடுத்து, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி இம்பிடன்ஸைக் குறித்தேன்.

400 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் அது 16. கீழே இறங்க இறங்க ஏறுகிறது; 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், கூம்பு தன் இயல்பான அதிர்வில் ஆடும் இடத்தில், 100 ஓமையும் தாண்டி ஒரு குன்றுபோல் நிற்கிறது. அதைக் கடந்தால் சரிவு. 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி மெல்ல ஏறி, 5000-ல் 40-ஐ நெருங்குகிறது. ஆக, பெட்டியின் முதுகில் எழுதியிருக்கும் 16 என்பது இந்த வளைகோட்டின் அடிவாரம். இம்பிடன்ஸ் என்ற சொல்லை ஆலிவர் ஹெவிசைட் 1886-ல் உண்டாக்கினார். அந்தச் சொல்லைக் கேட்டாலே கூடக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த அதிர்வெண்ணில் எவ்வளவு?

அப்படியானால் 16-ஐ 16-ல் போட்டாலும் பொருத்தம் ஒருபோதும் முழுமையாக இருக்காதே என்று கேட்கலாம். இருக்காது. அந்தப் பொருத்தக் குறைவில்தான் வால்வு ஆம்பின் அழகே இருக்கிறது என்பது என் முடிவான கருத்து. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இந்தக் குன்றையும் சரிவையும் கண்டுகொள்ளாமல் ஒரே வோல்ட்டேஜைக் கொடுக்கும். இஎல்34 அப்படி இல்லை. இம்பிடன்ஸ் எங்கே ஏறுகிறதோ அங்கே வோல்ட்டேஜும் ஏறுகிறது. அதனால் அடித்தந்தியில் உள்ளங்கையை வைத்து வாசித்தால் நெஞ்சில் ஓர் உதை. உச்சத்தில் ஒரு பளபளப்பு. ஸ்பீக்கருக்குப் பதில் வெறும் ரெசிஸ்டரை மாட்டி அதே ஆம்பைக் கேட்டால் சப்பென்று இருக்கும். அளவெடுக்க அது போதும், வாசிக்கப் போதாது.

ஒரு படி விலகலுக்கு, அதாவது 8 போட வேண்டிய இடத்தில் 4 அல்லது 16, நல்ல டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப் உடனே செத்துவிடாது. பவர் குறையும், தொனி மாறும். 4 போட்டால் வால்வில் கரண்ட் கூடித் தேய்மானம் அதிகம். 16 போட்டால் வோல்ட்டேஜ் அழுத்தம் அதிகம். வேறு வழியே இல்லாத மேடையில் வால்யூமைக் கட்டுக்குள் வைத்து ஓட்டலாம். ஆனால் செலக்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதைச் சரியான எண்ணுக்குத் திருப்பாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

18 டிசம்பர், புதன்

ஆம்ப் எழுந்துவிட்டது. புது சாக்கெட்டுகள், ஸ்கிரீன் ரெசிஸ்டர் இரண்டும் புதிது, இஎல்34 புது ஜோடி. பயாஸை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பிளேட் சிவக்கவில்லை, ஹம் இல்லை.

தம்பி இன்னொரு யோசனையோடு வந்தான். நண்பனிடம் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட பெட்டி இருக்கிறதாம். கரோலுக்கு இரண்டு கேபினட்டையும் சேர்த்து வைக்கலாமா? பெட்டியை இறக்கி அளந்தேன். 3.2 காட்டியது. உள்ளே இரண்டு 8 ஓம், பேரலலில். ஆக 4 ஓம் கேபினட்.

ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் ஜாக்கும் பேரலல். 16-ம் 4-ம் சேர்ந்தால் 3.2 ஓம். செலக்டரை 4-ல் வைத்தால் ஆம்ப் தாங்கிக்கொள்ளும். என் கவலை அதில்லை. பவர் எப்படிப் பிரியும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். 4 ஓம் பெட்டி ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்ளும்: 50 வாட்டில் 40. அங்கே ஸ்பீக்கருக்கு 20 வாட். 16 ஓம் பெட்டிக்கு மிச்சம் 10; அதை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு இரண்டரை வாட். நான்கு ஸ்பீக்கர் பெட்டி பேருக்குத்தான் நிற்கும்.

"அப்ப அதை வாடகைக்கு எடுத்ததே வேஸ்டாண்ணா?"

"உன் ஃபிரெண்டைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைத் திறக்கலாமான்னு கேளு."

போனில் சம்மதம் வந்தது. முதுகைக் கழற்றி இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றினோம். பேரலலில் இருந்த இரண்டு 8 ஓமும் சீரியலுக்கு வந்தன: 16. பிளஸ், மைனஸ் சரியா என்று 9 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பார்த்தோம். இரண்டு கூம்பும் ஒரே பக்கமாக வெளியே வந்தன. ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போயிருந்தால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். முதுகின் மீது பழைய 4-ஐ அடித்துவிட்டுத் தடித்த மார்க்கரில் 16 என்று தம்பியே எழுதினான். இந்த எழுத்து முக்கியம். நாளை வேறு யாராவது பழைய எண்ணை நம்பி மாட்டினால் திரும்ப இதே கதைதான்.

இப்போது இரண்டு 16-ம் பேரலலில் 8. ஆளுக்கு 25 வாட். சின்னப் பெட்டியில் ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டரை, பெரியதில் ஆறேகால். இன்னும் சமம் இல்லைதான், ஆனால் இரண்டு பெட்டியும் காதில் விழும்.

20 டிசம்பர், வெள்ளி

மாலை சர்ச் ஹாலில் இரண்டு கேபினட்டையும் வைத்துப் பார்த்தோம். வாடகைக்காரர் ஆளும் வந்திருந்தார். மாட்டுவதற்கு முன் தம்பியே மீட்டரை எடுத்து, ஹெட்டில் சொருக வேண்டிய முனையில் ஒவ்வொரு கேபினட்டையும் தனித்தனியாக அளந்தான்: 12.6, 12.8. இரண்டையும் சேர்த்து 6.3. "8 ஓம்ணா," என்று சொல்லி செலக்டரை 8-க்குத் திருப்பினான். அப்புறம்தான் ஹெட்டுக்குக் கரண்ட் கொடுத்தான்.

அந்த ஆள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எதுக்குங்க ஒவ்வொண்ணா அளக்கிறீங்க?" என்று கேட்டார். அவருக்கு இதைச் சொல்ல எனக்கு மிகவும் விருப்பம். மேடைப் படியில் உட்கார்ந்து 3400-லிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே தன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். வாடகைக் கிடங்கில் இருக்கும் மற்ற கேபினட்டுகளையும் மீட்டர் வைத்து அளந்து முதுகில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். ஜனவரி முதல் வாரம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.